ஸலோங்கோ வெட்டுக்கிளி தின்ற வழக்கு

கம்பாலாவில் நட்டீட்டே சந்தைக்குப் பின்னால் இருக்கும் புசூல்வாவின் விடியோ கொட்டகையில் அந்தச் சனிக்கிழமை படம் பார்த்தவர்கள் இருநூறு பேருக்கு மேல் இருக்க வழியில்லை. அதற்கு மேல் அங்கே பெஞ்சு கிடையாது. ஆனால் இன்றைக்கு நட்டீட்டேயில் யாரைக் கேட்டாலும் தானும் அங்கேதான் உட்கார்ந்திருந்ததாகச் சொல்கிறார்கள். ஸலோங்கோ வெட்டுக்கிளி தின்றதைத் தங்கள் இரண்டு கண்ணாலும் பார்த்தார்களாம்.

ஸலோங்கோ என்பது நாங்கள் வைத்த பெயர். போஸ்டரில் ப்ரோக் ஹாலர்ட் என்று போட்டிருக்கும். அமெரிக்காக்காரன். கழுத்தும் தலையும் ஒரே அகலம். தாடையில் ஒரு வெட்டுத் தழும்பு. அந்தத் தாடையிலேயே தீக்குச்சியை உரசிப் பற்றவைப்பான். படம் முழுக்க அடிப்பான், அடிபடுவான், ஜன்னலை உடைத்துக்கொண்டு குதிப்பான், பின்னால் பெட்ரோல் கிடங்கு வெடித்துச் சிதறும்போது திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்து வருவான். பேச்சு மட்டும் கிடையாது. அரை மணிக்கு ஒரு தரம் 'ஹ்ம்' என்பான். மீதியெல்லாம் எரஸ்டோ புசூல்வா பேசியது.

புசூல்வா ஒரு விஜே. திரைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, மைக்கைப் பிடித்துக்கொண்டு, படம் ஓட ஓட அதை எங்கள் லுகாண்டா மொழியில் சொல்லிக்கொண்டே போகிறவர். யார் நல்லவன், யார் அவன் மச்சான், அந்தத் துப்பாக்கியை எந்தக் கடையில் வாங்கினான் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் ஊருக்குத் தெரியும். இருபத்தாறு வருஷம் முன்னால் ஹாலர்டின் முதல் படம் வந்தபோது, அவன் எரிகிற பஸ்ஸிலிருந்து கையிடுக்குக்கு ஒன்றாக இரண்டு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். "பாருங்கய்யா, இரட்டைப் புள்ள பெத்த தகப்பன் வர்றான்!" என்று மைக்கில் கத்தினார் புசூல்வா. இரட்டைப் பிள்ளை பெற்றவனுக்கு எங்கள் ஊரில் ஸலோங்கோ என்று பட்டம். அவனுக்கு இருக்கிற மரியாதை மந்திரிக்குக்கூடக் கிடையாது. கொட்டகையே எழுந்து நின்றது. அன்றிலிருந்து அவன் ஸலோங்கோ.

படத்துக்குப் படம் அவனுக்குக் குடும்பம் சேர்ந்தது. மசாக்காவில் ஒரு அம்மா, ஏமாற்றிவிட்டுப் போன ஒரு தம்பி, ஒரு மாமியார். கிடங்கு வெடிக்கும்போது அவன் ஏன் திரும்பிப் பார்ப்பதில்லை? "பின்னால மாமியார் வர்றாங்க. மருமகன் மாமியார் மூஞ்சியப் பார்க்கலாமா? மரியாதை தெரிஞ்ச புள்ள!" இதைக் கேட்டதும் கொட்டகையில் உள்ள மருமகன்கள் எல்லாரும் தலையாட்டுவார்கள். குலமும் கொடுத்தார் புசூல்வா: வெட்டுக்கிளிக் குலம். அது அவருடைய சொந்தக் குலம். கையில் மைக் வைத்திருக்கும் மனுஷன் அப்படிப்பட்ட ஒருத்தனைத் தன் குலத்தில் சேர்த்துக்கொள்ளாமல் எதிர்வீட்டுக்காரன் குலத்திலா சேர்ப்பான்?

அங்கேதான் வினை வந்தது. வெட்டுக்கிளிக் குலத்தான் வெட்டுக்கிளி தின்னக் கூடாது. நவம்பர் மாதத்தில் கம்பாலா முழுக்க அதை வெங்காயம் போட்டு வறுத்துத் தின்னும்போதும் அவன் நிலக்கடலையைக் கொறித்துக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பான். பட்டினியால் செத்தாலும் சாவான், வாயில் வைக்க மாட்டான்.

அந்தச் சனிக்கிழமை புதுப் படத்தின் டிவிடி தட்டு வந்து சேர்ந்தது மூன்றே முக்காலுக்கு. காட்சி நாலு மணிக்கு. முன்கூட்டிப் பார்க்க நேரமில்லை. புசூல்வாவுக்கு அது புதிதும் இல்லை. எத்தனையோ படத்தைக் கண்ணால் பார்க்கும்போதே வாயால் சமாளித்தவர். ஸலோங்கோவைப் பாலைவனத்தில் ஒரு சிறையில் போட்டிருந்தார்கள். எட்டு நாள் பட்டினி. புசூல்வா அம்மாவின் கைச்சமையலைப் பற்றி உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் இரண்டு பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். அப்போது ஸலோங்கோ மணலுக்குள் கையை விட்டு எதையோ பிடித்தான்.

"நிலக்கடலை!" என்றார் புசூல்வா. "கடவுள் பாலைவனத்துலயும் ஒரு நிலக்கடலை வெச்சிருக்கார்!"

மூன்றாவது பெஞ்சிலிருந்து மோட்டார் சைக்கிள் வாடகைக்கு ஓட்டும் லுப்வாமா எழுந்தான். "விஜே, உன் நிலக்கடலைக்குக் கால் இருக்குய்யா!"

கேமரா கிட்டே போனது. கால் இருந்தது. இறக்கை இருந்தது. மீசை இருந்தது. ஸலோங்கோ அதை வாயில் போட்டுக் கடித்தான். சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாகப் புசூல்வாவுக்கு வார்த்தை வரவில்லை. மைக்கில் அவருடைய மூச்சு மட்டும் கேட்டது. பிறகு யாரோ பெஞ்சைத் தூக்கி எறிந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை திரைப்பேச்சு உண்மை ஆணையத்திலிருந்து இரண்டு பேர் வந்து மைக்கை எடுத்துக்கொண்டு போனார்கள். குலத்தான் ஒருவனைக் குலம் தவறியவனாகக் காட்டிய குற்றம். பன்னிரண்டு வினாடி அனுமதியில்லாத மௌனம், அது தனிக் குற்றம். புகார் கொடுத்தவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'மனம் புண்பட்ட ஒருவர்' என்றிருந்தது. உரிமம் இருக்கிறதா என்று கேட்டார்கள். விஜேவுக்கு உரிமம் வேண்டும் என்பதே புசூல்வாவுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அப்படியானால் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். விசாரணை முடிகிறவரை படம் ஓடலாம், அவர் வாய் திறக்கக் கூடாது. உரிமம் மறுக்கப்பட்டால் கொட்டகைக்குச் சீல்.

ஆணையத்தில் அவருடைய கோப்பைப் பார்த்தவர் திருமதி நாலுமான்சி. கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, எதையும் இரண்டு தடவை படிக்கிறவர். அவர் கொடுத்த படிவத்தில் பதினேழு பக்கம். ஆறாவது பக்கத்தில் ஒரு கட்டம்: 'வரும் ஆண்டில் நீங்கள் சொல்ல உத்தேசித்துள்ள பொய்களின் எண்ணிக்கை.'

"இதுக்கு என்ன போடறது, ஞாபோ?" என்றார் புசூல்வா. ஞாபோ என்றால் அம்மணி.

"உள்ளதப் போடுங்க."

"நான் பொய் சொல்றதில்லையே. படம் சொல்றேன்."

"காலியா விட்டா வாங்க மாட்டாங்க."

யோசித்து நாற்பது என்று எழுதினார். நாலுமான்சி அதைச் சிவப்பு மையால் அடித்து இருபத்தைந்து என்று போட்டார். "உங்க வகுப்புக்கு இவ்வளவுதான் அனுமதி. கூட வேணும்னா மேல் வகுப்புக்கு எழுதிப் போடணும். அரசியல்வாதிங்களுக்கு மட்டும்தான் உச்சவரம்பு கிடையாது."

ஆணையத்தின் தலைவர் திரு ஸெருவாஜி. பதவியின் பெயர் தற்காலிகத் தலைவர். அன்றைக்கு அவர் புசூல்வாவை உள்ளே கூப்பிட்டு, எதிரே உட்காரச் சொல்லாமல், எழுந்து நின்று மேடையில் பேசுவதுபோலப் பேசினார்.

"பதினாறு வருஷமா நான் தற்காலிகமா இருக்கேன், மிஸ்டர் புசூல்வா. ஏன் என்னை நிரந்தரமாக்கலை? நானே அமைச்சரைக் கேட்டேன். 'ஸெருவாஜி, உண்மைதான் நிரந்தரம், நாமெல்லாம் தற்காலிகம்'னாரு. அன்னிக்கு எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. இந்தப் பதினாறு வருஷத்துல இந்த நாட்டுல எந்தப் படத்துலயும் பொய் பேசினதா எங்க பதிவேட்டுல ஒரு வரி கிடையாது. அது சாதாரண சாதனையா?"

"இல்ல, ஸெபோ." ஸெபோ என்றால் ஐயா.

"ஏன் கிடையாது? நாங்க படமே பார்க்கறதில்லை. படம் பார்த்தா மனசு ஒரு பக்கம் சாயும். சாஞ்ச மனசு உண்மைய எடை போடுமா? ஆனா அன்னிக்கு, அந்தச் சனிக்கிழமை, பின்பெஞ்சுல உட்கார்ந்து நான் அந்தக் கண்றாவியப் பார்த்தப்போ..." அவர் நிறுத்தி, இருமி, கோட்டுப் பட்டனைத் தடவினார். "அதாவது, புகார்ல படிச்சப்போ."

மூலையில் உட்கார்ந்திருந்த நாலுமான்சி இருமலையும் குறித்துக்கொண்டார்.

அதன் பிறகு அழைப்புக்கு மேல் அழைப்பாக வந்தது. முதல் அமர்வு, சொல் எண்ணிக்கை. இரண்டு எழுத்தர்கள் அந்தப் படத்தை ஆறு நாள் உட்கார்ந்து எண்ணியிருந்தார்கள். படத்தில் ப்ரோக் ஹாலர்ட் பேசியது நாற்பத்தொரு வார்த்தை. அதே படத்தில் புசூல்வா பேசியது, அன்றைக்கு வந்திருந்த ஒருவர் கைப்பேசியில் பதிந்திருந்ததன்படி, பதினோராயிரத்து இருநூற்று ஆறு.

"மிச்சப் பதினோராயிரத்து நூத்து அறுபத்தஞ்சு வார்த்தை யாருடையது?" என்று கேட்டார் ஸெருவாஜி.

புசூல்வாவுக்கு நிஜமாகவே தெரியவில்லை. அப்படி அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை. "எல்லாருடையதும்தான், ஸெபோ. சந்தையில கேட்டது, பஸ்ஸுல கேட்டது, என் சம்சாரம் திட்டினது..."

"உரிமையாளர் ஒப்புதல் கடிதம் இருக்கா?"

"எதுக்கு?"

"உங்க சம்சாரம் திட்டினதுக்கு."

இரண்டாம் அமர்வு, மாமியார். கிடங்கு வெடித்தபோது சம்பந்தப்பட்ட மாமியார் சம்பவ இடத்தில் இருந்தாரா என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். திரையில் அவர் தெரியவில்லை என்று தீயணைப்புத் துறையிலிருந்து ஒரு சான்று வாங்கி வைத்திருந்தார்கள். "மருமகன் திரும்பிப் பார்க்காதப்போ நமக்கு எப்படி ஸெபோ தெரியும்?" என்று புசூல்வா கேட்டார். இது சிக்கலான வாதம் என்று விசாரணைக் குழு மூன்று வாரம் ஒத்திவைத்தது. குழுவில் நாலு பேர் மருமகன்கள்.

மூன்றாம் அமர்வு, தகுதித் தேர்வு. ஒரு சின்னக் காட்சி ஓட்டினார்கள். வில்லன் கைநீட்டி, "எங்க கூட்டத்துல சேர்ந்துடு" என்கிறான். ஹாலர்ட் "ஹ்ம்" என்கிறான். உடனே அவனைச் சுட்டுவிடுகிறான்.

"மொழிபெயருங்க," என்றார் ஸெருவாஜி.

"அவனுக்கு ஏழு வகை ஹ்ம் உண்டு, ஸெபோ. இது நாலாவது. 'உங்கப்பன்கிட்டப் போய்க் கேளு'ன்னு அர்த்தம்."

ஸெருவாஜி ஆணையத்தின் அகராதியை எடுத்துப் புரட்டினார். "ஹ்ம்: சம்மதம். அவர் சம்மதிச்சிருக்காரு. நீங்க தோல்வி."

"சம்மதிச்சவன் ஏன் ஸெபோ சுட்டான்?"

"அது செயல். நம்ம அதிகாரம் பேச்சோட நின்னுடுது."

இதற்கிடையே சனிக்கிழமை வந்தால் கொட்டகையில் படம் ஓடியது, புசூல்வா வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உள்ளே ஆங்கிலம். ஸலோங்கோ முன்போலவே சுவரை உடைத்தான், ஆனால் எதற்கு உடைக்கிறான் என்று சொல்ல ஆளில்லை. ஜனங்கள் பெஞ்சில் நெளிந்தார்கள், பின்னால் திரும்பித் திரும்பி வாசலைப் பார்த்தார்கள். லுப்வாமா பாதியில் எழுந்து வந்தான்.

"என்ன விஜே, ஸலோங்கோவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? வாயே திறக்க மாட்டேங்கறான். வீட்ல ஏதும் சாவா?"

"பேச்சை நிறுத்தி வெச்சிருக்காங்கடா."

"அவன் பேச்சையா, உன் பேச்சையா?"

முதல் வாரம் இருநூறு பேர் வந்த இடத்தில் அடுத்த வாரம் எழுபது, அதற்கடுத்த வாரம் பத்தொன்பது. அந்தப் பத்தொன்பதிலும் ஆறு பேர் மழைக்கு ஒதுங்கினவர்கள்.

வீட்டில் அவரால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருந்தது. வலது கை எதையாவது பிடித்து வாய்க்கு அருகே கொண்டுபோனது: சீப்பு, கரண்டி, ஒருநாள் பாதி வாழைப்பழம். ஒரு காலையில் அடுப்படியில் நின்று, "இதோ, தண்ணி கொதிக்கத் தயாராகுது, ஆனா பாவம், மூடிக்கு விஷயம் தெரியாது" என்று ஆரம்பித்தவரை அவர் மனைவி நாப்போசா தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"டீத்தண்ணிக்கு வசனம் வேணாம். இறக்கி வைங்க."

"நான் என்ன செய்யறேன்னே எனக்குத் தெரியலடி."

"அவங்க என்ன கேக்கறாங்களோ அதுல கையெழுத்துப் போட்டுட்டு வாங்க. என் திட்டையும் எழுதித் தர்றேன். எத்தனை பக்கம் வேணுமோ தர்றேன்."

அவள் எழுதியும் கொடுத்தாள். நாலு பக்கம். படித்தபோது புசூல்வாவுக்கு அதில் பல வரிகளைத் தான் இன்னும் எந்தப் படத்திலும் பயன்படுத்தவில்லை என்று தோன்றியது.

நான்காம் அமர்வில்தான் பெரிய சிக்கல் வந்தது. புசூல்வா சொன்னது உண்மையா என்று தீர்மானிக்க, ப்ரோக் ஹாலர்டின் உண்மையான வாழ்க்கை வரலாறு வேண்டும். நாலுமான்சி அதற்கென்று ஒரு கோப்பு தயாரித்திருந்தார். திறந்து வாசித்தார். "பிறப்பு, மசாக்கா. தாய் உயிரோடு. இரட்டைக் குழந்தைகளின் தகப்பன். ஒரு தம்பி, தொடர்பில் இல்லை."

"ஞாபோ," என்றார் புசூல்வா மெதுவாக. "இதெல்லாம் நான் சொன்னது."

நாலுமான்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "கோப்புல இருக்குது. கோப்புல இருக்கறத நீங்க சொன்னதா எப்படிச் சொல்ல முடியும்?"

"மசாக்கா நான் வெச்சது. என் தங்கச்சிய அங்கதான் கட்டிக்கொடுத்திருக்கு."

"மிஸ்டர் புசூல்வா!" ஸெருவாஜியின் குரல் உயர்ந்தது. "நீங்க பொய் சொன்னீங்களான்னு விசாரிக்கத்தான் கூடியிருக்கோம். அதுக்காக ஆணையத்துக்கு முன்னாலயே பொய் சொல்லாதீங்க. அவர் மசாக்காக்காரர்தான். அந்த நடையிலயே தெரியுது. அவர் வெட்டுக்கிளிக் குலம்தான். நானும் வெட்டுக்கிளிக் குலம். என் பொண்ணு கல்யாணத்துல பையன் வீட்டார்கிட்ட என்ன சொன்னேன் தெரியுமா? எங்க குலத்துல மூணு அமைச்சர், ரெண்டு பிஷப், ஒரு ஸலோங்கோ ஹாலர்ட்! அப்புறம் நீங்க அவர் வாயில அதை வெக்கறீங்க!"

"நான் வெக்கல, ஸெபோ. அவனே வெச்சுக்கிட்டான்."

"அப்போ அவரையே கேட்டுடுவோம்," என்றார் ஸெருவாஜி.

அப்படித்தான் ஆணையத்தின் முத்திரையோடு அமெரிக்காவுக்கு ஒரு கடிதம் போனது. மாண்புமிகு ஸலோங்கோ ப்ரோக் ஹாலர்ட் அவர்களுக்கு. தாங்கள் வெட்டுக்கிளிக் குலத்தவர் என்பது உண்மையா? ஆமெனில், தாங்கள் ஏன் தின்றீர்கள்? மூன்று பிரதிகளில் பதில் தரவும்.

ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. விசாரணைக்கு நாள் குறித்தார்கள். செய்தி எப்படியோ பரவி, அன்று காலை பத்து மணிக்கே ஆணையத்தின் வாசலில் நட்டீட்டேயே கூடியிருந்தது. யாரையும் உள்ளே விடவில்லை. கூட்டம் இருந்தால் ஆளாளுக்கு உண்மையை மாற்றிவிடுவார்கள் என்று காவலாளி விளக்கம் சொன்னான். புசூல்வா மட்டும் படியேறிப் போனார். நாப்போசா இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மேஜை மேல் பழுப்பு உறை ஒன்று இருந்தது. அதிலிருந்து நாலுமான்சி ஒரு புகைப்படத்தை எடுத்து வைத்தார். ஹாலர்ட் மார்பின் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் படம். கீழே அச்சிட்ட கையெழுத்து. அதன் மேலே இரண்டே ஆங்கில வார்த்தை, 'உறுதியாக இரு' என்று பொருள். ரசிகர் கடிதம் எது வந்தாலும் அனுப்பும் படம் அது. லுப்வாமாவின் மோட்டார் சைக்கிளில்கூட அதே படம் ஒட்டியிருக்கிறது.

"பதிலின் அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பை ஆணையம் தயாரிச்சிருக்குது," என்றார் ஸெருவாஜி. சட்டைப் பையிலிருந்து மூன்று தாள்களை எடுத்து விரித்தார். தொண்டையைச் செருமினார். வாசித்தார்.

'என் குலத்தின் பெரியோர்களே, என் தாய் எனக்குப் பாலோடு ஊட்டியது உங்கள் பெயரைத்தான்...' என்று ஆரம்பித்தது அது. புசூல்வா ஒரு நிமிஷம் தன் கஷ்டத்தை மறந்து காது கொடுத்தார். மனுஷனுக்கு வருகிறது. அம்மா பேசும் இடத்தில் குரலை மெலிதாக்கினார். சிறைக் கதவு திறக்கும் இடத்தில் வாயாலேயே கிறீச் என்று ஓசை கொடுத்தார். மூச்சு விடும் இடம் மட்டும் தப்பு. வரியின் நடுவில் விட்டார். பழகினால் சரியாகிவிடும் என்று புசூல்வா நினைத்தார். நாலுமான்சி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாம் தாளுக்கு வந்தபோது ஸெருவாஜியின் குரல் தழுதழுத்தது. 'நான் தவறிவிட்டேன். இயக்குநரின் வற்புறுத்தலால் தின்றேன். மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கிறேன். குலத்துக்கு ஒரு ஆடு அபராதம் செலுத்துகிறேன். குறிப்பாக, என் ஒன்றுவிட்ட சகோதரர் தற்காலிகத் தலைவர் ஸெருவாஜி அவர்களின் மனம் புண்பட்டதற்கு என் கண்ணீர்...'

தாளை மடித்தார். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார்.

"நாட்டுல நீங்கதான் அவரோட முதல் விஜே," என்றார். "மொழிபெயர்ப்பு சரின்னு உங்க கையெழுத்து மட்டும் வேணும். போட்டுட்டா உரிமம் இதோ." நாலுமான்சி அதை ஏற்கெனவே தட்டச்சு செய்து முத்திரையும் குத்தி வைத்திருந்தார். எரஸ்டோ புசூல்வா, விஜே, இரண்டாம் வகுப்பு. பக்கத்தில் அவருடைய மைக், கழுத்தில் அடையாள அட்டை தொங்க.

புசூல்வா பேனாவை எடுத்தார். இருபத்தைந்து பொய்க்குக் கையெழுத்துப் போட்டவர், மாமியார் விஷயத்தில் எழுதி வாங்கிய வாக்குமூலத்துக்குப் போட்டவர், மனைவியின் திட்டுக்குச் சாட்சியாகப் போட்டவர். இன்னொன்று போடுவதற்கு ஏழு வாரமாகத் தயாராகத்தான் இருந்தார். பேனா தாளைத் தொட்டது. அங்கேயே நின்றது.

"என்ன?" என்றார் ஸெருவாஜி.

"ஸெபோ, இந்த மன்னிப்பு மட்டும்..."

"அதுதான் விஷயமே."

"அவன் கேக்க மாட்டான், ஸெபோ."

"என்ன கேக்க மாட்டான்?"

"மன்னிப்பு. இருபத்தாறு வருஷத்துல ஒரு படத்துலகூட அவன் யார்கிட்டயும் கேட்டதில்ல. அம்மாகிட்டகூட இல்ல. ஒருதடவ ஜனாதிபதி துப்பாக்கிய நெத்தியில வெச்சுக் கேக்கச் சொன்னான், அப்பவும் கேக்கல. அவன் உங்க ஒண்ணுவிட்ட சகோதரன்னு போட்டுக்கோங்க, எனக்கு ஒண்ணுமில்ல. ஆடுகூட குடுப்பான், நல்ல மனுஷன்தான். மண்டி போட மாட்டான்."

"எப்படித் தெரியும் உங்களுக்கு?" என்று கேட்டது நாலுமான்சி. அவர் குரலில் அதிகாரம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். "அவர நீங்க பார்த்ததுகூட இல்லையே."

"இல்ல, ஞாபோ. ஆனா அவன் பேசினதெல்லாம் என் தொண்டை வழியாத்தான் வந்துச்சு. இது வர மாட்டேங்குது."

ஸெருவாஜி மேஜையைத் தட்டினார். "நீங்க பொய்யர்னு உங்க படிவத்துலயே எழுதிக் கொடுத்திருக்கீங்க. இருபத்தஞ்சு! இப்போ உண்மை ஆணையத்துக்கே உண்மை சொல்லித் தர்றீங்களா? போடப்போறீங்களா, இல்லையா?"

புசூல்வாவுக்குப் பயமாக இருந்தது. கொட்டகைக்குச் சாயங்காலமே சீல் வந்துவிடும். ஐம்பது வயதுக்கு மேல் வேறு எந்த வேலையும் தெரியாது. நாப்போசாவிடம் என்ன சொல்வது? பேனாவை மூடி மேஜையில் வைத்தார். மைக்கை ஒருமுறை பார்த்தார், தொடவில்லை.

நாலுமான்சி உரிமத்தை எடுத்து நாலாக மடித்துக் கோப்பில் செருகி, மேலே 'மறுக்கப்பட்டது' என்று எழுதினார். வழக்கமாக இரண்டு தடவை படிப்பவர் இதைப் படிக்கவே இல்லை.

கீழே இறங்கி வந்தபோது கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டது. வெயிலில் காத்திருந்து பொறுமை இழந்த ஜனம். பின்னால் நிற்பவர்கள் முன்னால் நிற்பவர்களின் முதுகில் ஏறிக்கொண்டிருந்தார்கள். லுப்வாமா மோட்டார் சைக்கிள் மேல் நின்றுகொண்டிருந்தான்.

"விஜே! பதில் வந்துச்சாமே? நம்மாளு என்ன சொல்றான்?"

உரிமம் போனதைச் சொல்லத்தான் புசூல்வா வாய் திறந்தார். அதை யாரும் கேட்கவில்லை. எல்லா முகமும் ஒரே கேள்வியோடு அவரைப் பார்த்தது. ஏன் தின்றான்? அந்த ஏழு வாரமும் அவர்களும் தூங்கவில்லை என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அவருடைய தாடை தானாக இறுகியது. கழுத்து கொஞ்சம் அகலமானது போலிருந்தது. மைக் இல்லாமலே அந்தக் குரல் வந்தது, தெருமுனை வரைக்கும் கேட்டது.

"'தின்னேன். பசிச்சுது. கேக்கறது யாரு?'"

லுப்வாமா தொடையில் அடித்துக்கொண்டான். "அதானே! அவன் வேற எப்படிய்யா பேசுவான்?" தெருவே ஆர்ப்பரித்தது. பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ புசூல்வாவைத் தூக்கினார்கள், இன்னொருவர் அவர் செருப்பைப் பிடித்துக்கொண்டார். "இன்னொரு தடவ சொல்லு, விஜே! இன்னொரு தடவ!"

"'கேக்கறது யாரு?'" என்றார் புசூல்வா, இன்னும் உரக்க.

இரைச்சல் பொறுக்காமல் மூன்றாம் மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. தற்காலிகத் தலைவர் ஸெருவாஜி மூன்று தாள்களும் கையில் இருக்க வெளியே தலையை நீட்டினார். தெருவில் இருந்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டு, அந்தக் கேள்விக்குப் பதில் எதிர்பார்த்து அவரை அண்ணாந்து பார்த்தார்கள்.

அவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.